அந்நியச் செலாவணியும் நமது வீட்டுக் கணக்கும்

(தாம்பரத்தில் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



அந்நியச் செலாவணி என்பது டில்லியில் நிதி மந்திரியும் மும்பையில் ரிசர்வ் பாங்கி அதிகாரிகளும் பேசிக்கொள்ள வேண்டிய சமாசாரம், கூலிக்காரனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் குடியிருக்கிற நாம் அப்படிக் கேட்கலாகாது. மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் இந்தப் பக்கத்து வீடுகளின் கூரைக்கு மேலேதான் தாழ்ந்து வருகிறது. அதில் வருகிறவர்கள் எல்லோரும் உல்லாசப் பிரயாணிகள் அல்ல. துபாயில் சாரம் கட்டியவர், ரியாத்தில் லாரி ஓட்டியவர், சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்தவர், குவைத்தில் பிறர் வீட்டுக் குழந்தையை வளர்த்தவர் — இவர்களும் அதில்தான் வருகிறார்கள். கீழே, சானடோரியத்தில் 1984ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்ட ஏற்றுமதி மண்டலம் இருக்கிறது. மெப்ஸ் என்று நாம் சொல்லுகிறோமே, அதுதான். சுமார் 260 ஏக்கர். அதன் வாசலில் ஷிப்டு மாறும்போது வெளியே வருகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மண்டலம் ஏற்பட்டதே டாலர் சம்பாதிக்கத்தான்.

ஒரே தெருவில் அண்ணன் துபாயில், தங்கை மெப்ஸில். இருவர் உழைப்பும் அந்நியச் செலாவணியாகிறது. ஆனால் இருவர் வீட்டிலும் அதைப்பற்றிய விதிகள் தெரியாது. தெரியாததால் நஷ்டம் யாருக்கு? அதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

2024-25ஆம் ஆண்டில் வெளிநாட்டிலிருந்து இந்தியர்கள் தங்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் சுமார் 13,500 கோடி டாலர். ரிசர்வ் பாங்கி எடுத்த 2023-24ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இப்படி வருகிற பணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தமிழ்நாட்டுக்கு வருகிறது. மகாராஷ்டிரமும் கேரளமும்தான் நமக்கு முன்னால் நிற்கின்றன. ஆகவே இது சில்லறை விஷயம் அல்ல.

முதலில் அந்நியச் செலாவணி என்றால் என்ன? கையில் பிடிக்கிற அந்நிய நோட்டு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அந்நிய நாணயத்தில் உள்ள பாங்கி இருப்பு, டிராப்டு, பிரயாணிகள் செக், ஏற்றுமதி உண்டியல், வெளிநாட்டில் ரொக்கமாக்கக் கூடிய கடன் பத்திரம் எல்லாமே அந்நியச் செலாவணிதான். நாட்டின் கையிருப்பு 2024 செப்டம்பர் கடைசியில் 70,000 கோடி டாலரைத் தாண்டியது என்றார்களே, அதில் பெரும்பகுதி நோட்டுக்கட்டு அல்ல. பத்திரமும் பாங்கி இருப்பும் தங்கமும்தான்.

இந்த வித்தியாசம் நமது பையைத் தொடுகிறது. நாணய மாற்றுக் கடையிலோ பாங்கியிலோ ஒரு விலைப்பலகை இருக்கும். அதில் ஒரே டாலருக்குப் பல விலை. தந்தி மாற்று, அதாவது பாங்கிக்குப் பாங்கி அனுப்புகிற பணத்தை, வாங்கும் விலை ஒன்று. நோட்டு வாங்கும் விலை வேறொன்று. நோட்டு விற்கும் விலை இன்னொன்று. நம்மிடமிருந்து வாங்கும்போது நோட்டுக்குத்தான் விலை குறைவு. ஏன்? பாங்கி வழியாக வந்த டாலர் கணக்குப் புத்தகத்தில் உடனே நகரும். நோட்டு நகராது. கள்ள நோட்டா என்று பார்க்க வேண்டும், பெட்டியில் பூட்ட வேண்டும், இன்ஷூர் செய்ய வேண்டும், அதைக் கேட்டு ஒரு பிரயாணி வரும்வரை வட்டியில்லாமல் கிடக்க வேண்டும், யாரும் வராவிட்டால் விமானத்தில் ஏற்றி வெளியே அனுப்ப வேண்டும். இத்தனை செலவையும் வியாபாரி தன் கைப்பணத்திலிருந்து கொடுப்பானா? நம் தலையில்தான் வைப்பான். அதன் மேல் தன் லாபத்தையும் வைப்பான்.

உதாரணத்துக்குச் சொல்கிறேன். ஒரு திர்ஹாமுக்கு 75 பைசா குறைத்து வாங்குகிறான் என்று வையுங்கள். 6,000 திர்ஹாம் கொண்டு வந்தவருக்கு 4,500 ரூபாய் போயிற்று. கையில் பணத்தை எண்ணி வாங்குகிற மகிழ்ச்சிக்கு இது கொஞ்சம் அதிகமான விலை.

வரியும் உண்டு. நம் ஊரில் ஜி.எஸ்.டி. என்றால் ரோடு; இப்போது அதே பெயரில் ஒரு வரியும் இருக்கிறது. நாணயம் மாற்றினால் அதன் மேல் 18 சதவீதம். முழுத் தொகைக்கும் அல்ல, பயப்படாதீர்கள். பாங்கிகள் பெரும்பாலும் கையாளுகிற கணக்கில், ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றினால் அதில் நூற்றுக்கு 1 ரூபாயைச் சேவை மதிப்பாக எடுத்துக்கொண்டு அதற்கு வரி போடுவார்கள். ஆனால் அந்த மதிப்பு 250 ரூபாய்க்குக் குறையாது. ஆகவே 2,000 ரூபாய்க்கு நோட்டு மாற்றினாலும் 45 ரூபாய் வரி. ஒரு லட்சத்துக்கு மேல் போனால் நூற்றுக்கு அரை ரூபாய்தான் மதிப்பு; 10 லட்சத்துக்கு மேல் போனால் 10 பைசாதான்; எத்தனை கோடி மாற்றினாலும் மதிப்பு 60,000 ரூபாயைத் தாண்டாது. பெரிய தொகைக்குச் சின்ன விகிதம், சின்னத் தொகைக்குப் பெரிய விகிதம். இந்தக் கணக்கை எழுதியவர் வீட்டில் யாரும் துபாயில் சாரம் கட்டவில்லை போலும்!

நோட்டை நம்பிப் பெட்டியில் வைத்திருப்பதில் வேறொரு ஆபத்தும் உண்டு. நோட்டு என்பது ஒரு சர்க்காரின் வாக்கு. அந்த சர்க்கார் போனால், அல்லது மனம் மாறினால், அது வெறும் காகிதம். இது நம்மவர்களுக்குப் பலமுறை நேர்ந்திருக்கிறது. மலேயாவை 1942இல் ஜப்பான் பிடித்தபோது வாழைமரம் அச்சிட்ட நோட்டுகளை வெளியிட்டார்கள். தோட்டத் தமிழன் அதற்குத்தான் உழைத்தான், அதைத்தான் சேர்த்தான். 1945இல் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அது செல்லாது என்று ஆயிற்று. சயாமுக்கு ரயில் பாதை போடப் போய் உயிரோடு மீண்டவன் கையிலிருந்த கூலியும் போயிற்று.

பர்மாவில் 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாதென்று அறிவித்தார்கள். கடைகளும் அப்போது சர்க்கார்மயமாகிக் கொண்டிருந்தன. தலைமுறை தலைமுறையாக ரங்கூனில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் வெறுங்கையோடு கப்பலேறின. 1967 நவம்பர் 18ஆம் தேதி பிரிட்டன் தன் பவுனின் மதிப்பை 2 டாலர் 80 சென்டிலிருந்து 2 டாலர் 40 சென்டாகக் குறைத்தது. லண்டனில் எடுத்த முடிவு. ஆனால் மலேசியாவில் அந்த ஆண்டுதான் புதிய நோட்டு வந்திருந்தது. பழைய நோட்டு பவுனோடு கட்டப்பட்டிருந்தது. ஆகவே பழைய ஒரு வெள்ளி புதிய 85 காசாயிற்று. பாங்கியில் கணக்கு வைத்திருந்த பெரிய மனிதர் பணம் ஏற்கனவே புதிய வெள்ளிக்கு மாறியிருந்தது. தலையணைக்கடியில் பழைய நோட்டு வைத்திருந்தவன் யார்? மீன் விற்பவன், ரப்பர் பால் எடுப்பவன். பினாங்கில் ஹர்த்தால் மூண்டது, கலவரமாயிற்று, உயிர்கள் போயின.

பழங்கதை என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தின் 20 பவுன், 50 பவுன் காகித நோட்டுகள் 2022 செப்டம்பர் 30ஆம் தேதியோடு புழக்கத்திலிருந்து நீங்கின. பேங்க் ஆப் இங்கிலாந்து இன்னும் மாற்றிக் கொடுக்கும். ஆனால் பல்லாவரத்துக் கடைக்காரன் வாங்குவானா? நமது சர்க்காரே 2016 நவம்பரில் என்ன செய்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்போது வெளிநாட்டில் இருந்தவர்கள் தங்களிடமிருந்த பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகளை விமான நிலையச் சுங்கத்தில் காட்டி முத்திரை வாங்கி, ரிசர்வ் பாங்கியின் ஐந்து அலுவலகங்களில் மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. சென்னை அதில் ஒன்று. முத்திரை வாங்காமல் வந்தவன் கதி? அந்த முத்திரைக் காகிதத்தை மறக்காதீர்கள், திரும்பவும் அதற்கு வருகிறேன்.

இந்தச் சட்டங்கள் எங்கிருந்து வந்தன? யுத்தகாலத்தில் பிரிட்டன் நம்மிடம் துணியும் தானியமும் சிப்பாய்களின் சேவையும் கடனாக வாங்கிக்கொண்டு லண்டனில் நம் பேரில் எழுதி வைத்தது. யுத்தம் முடிந்தபோது அந்த ஸ்டெர்லிங் பாக்கி சுமார் 130 கோடி பவுன். இந்தக் கணக்கு ஏறிக்கொண்டிருந்த 1943இல்தான் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள். சுதந்திரம் வந்தபின் அந்தப் பாக்கியும் கரைந்தது, டாலருக்குப் பஞ்சம் வந்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டமும் அதைவிடக் கடுமையான 1973ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தப் பஞ்சத்தில் பிறந்தவை. 1960களில் இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போனவர் பையில் 3 பவுன்தான் என்று சொல்லுவார்கள். அந்நிய நோட்டு வைத்திருப்பதே கிரிமினல் குற்றமாகலாம் என்ற காலம் அது. 1999இல் வேறு சட்டம் செய்தார்கள். 2000 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்தது. ஜெயில் பயம் போய், முக்கியமாக அபராதச் சட்டமாயிற்று. ஆனால் நம் ஜனங்கள் மனதில் பழைய பயம் போகவில்லை. பாங்கி வாசலுக்குப் போவதைவிடத் தெரிந்த கடைக்காரனிடம் கொடுப்பது மேல் என்று நினைக்கிறார்கள். நஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆகவே விதிகளைச் சொல்கிறேன். தாய்மார்கள் குறித்துக்கொள்ளுங்கள், ஆண்பிள்ளைகள் மறந்துவிடுவார்கள்.

வெளிநாட்டிலிருந்து அந்நிய நாணயம் எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டு வரலாம். உச்சவரம்பு கிடையாது. ஆனால் நோட்டு மட்டும் 5,000 டாலர் மதிப்பைத் தாண்டினால், அல்லது நோட்டும் பிரயாணிகள் செக்கும் சேர்ந்து 10,000 டாலரைத் தாண்டினால், மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரியிடம் நாணய அறிவிப்புப் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். திர்ஹாமும் ரியாலும் டாலரோடு கட்டப்பட்டவை. ஆகவே நமக்குக் கணக்கு சுலபம். 5,000 டாலர் என்றால் சுமார் 18,360 திர்ஹாம், அல்லது 18,750 சவூதி ரியால். படிவம் கொடுத்தால் வரி பிடுங்குவார்கள் என்று பயந்து பலர் பச்சை வழியில் நழுவப் பார்க்கிறார்கள். தவறு, தோழர்களே! அறிவித்த நாணயத்துக்கு அங்கே வரி கிடையாது. அறிவிக்காமல் பிடிபட்டால்தான் பறிமுதல். முத்திரை போட்ட அந்தக் காகிதம்தான் பிறகு பாங்கியில் உங்களுக்குச் சாட்சி. அது இல்லாவிட்டால் அவ்வளவு நோட்டை பாங்கி வாங்கத் தயங்கும், அதில் குற்றம் காண முடியாது.

இந்திய ரூபாய் வேறு கணக்கு. போகும்போதும் வரும்போதும் 25,000 ரூபாய்க்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது.

அடுத்தது பாங்கி. இங்கே இரண்டு விதமான மனிதர்கள். லீவில் வந்து திரும்பிப் போகிறவர் ஒருவர். மூட்டை கட்டிக்கொண்டு ஒரேயடியாக வந்துவிட்டவர் மற்றவர். லீவில் வந்தவர் தன் என்.ஆர்.ஈ. கணக்கில் அந்நிய நோட்டைச் செலுத்தலாம். ஆனால் அவரே நேரில் போக வேண்டும், பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். “மச்சான் கொடுத்துவிட்டுப் போனான், நான் கட்டுகிறேன்” என்று போனால் நடக்காது. அந்தக் கணக்கு ரூபாயில்தான் இருக்கும். வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. முதலும் வட்டியும் எப்போது வேண்டுமானாலும் வெளிநாட்டுக்குத் திரும்ப எடுத்துச் செல்லலாம். ரூபாய் மதிப்பு இறங்கும் என்று அஞ்சுகிறவர் எப்.சி.என்.ஆர். டெபாசிட்டில் டாலராகவே ஒரு வருஷம் முதல் ஐந்து வருஷம் வரை வைக்கலாம். ஊரில் வரும் வாடகை, காணி விற்ற பணம் இவற்றுக்கு என்.ஆர்.ஓ. கணக்கு தனி, அதன் வட்டிக்கு வரி உண்டு.

ஒரேயடியாக வந்துவிட்டவர் அதை பாங்கிக்குச் சொல்ல வேண்டும், சொல்லாமல் என்.ஆர்.ஈ. கணக்கை ஓட்டிக்கொண்டிருப்பது விதிமீறல். கையில் அவர் 2,000 டாலர் மதிப்புக்கு மேல் அந்நிய நோட்டு வைத்திருக்கலாகாது. நம் கணக்கில் 7,345 திர்ஹாம், அல்லது 7,500 ரியால். மிச்சத்தை 180 நாளுக்குள் அதிகாரம் பெற்ற பாங்கியிலோ நாணய மாற்றுக் கடையிலோ விற்றுவிட வேண்டும், அல்லது திரும்பி வந்தவர்களுக்கென்று உள்ள ஆர்.எப்.சி. என்ற அந்நிய நாணயக் கணக்கில் போட வேண்டும். இந்தக் கணக்கு பெரும்பாலும் டாலர், பவுன், யூரோ போன்ற சில நாணயங்களில்தான் கிடைக்கும்.

கடையில் விற்கும்போது ரசீது கேளுங்கள். அதற்கு என்கேஷ்மென்ட் சர்டிபிகேட் என்று பெயர். ஊர்வாசியாக இருப்பவருக்கு ஒரு தடவைக்கு 1,000 டாலர் மதிப்பு வரைதான் ரூபாயை ரொக்கமாகக் கொடுக்கலாம். லீவில் வந்தவருக்கு 3,000 டாலர் வரை. அதற்கு மேல் செக்காகவோ கணக்கிலோதான். முழுவதையும் ரொக்கமாகவே தருகிறேன், ரசீது எதற்கு என்று ஒருவன் சொன்னால், அவன் ரிசர்வ் பாங்கி லைசென்ஸ் பெற்ற வியாபாரி அல்ல, அல்லது லைசென்ஸை மதிக்காதவன். அவனிடம் கொடுத்த நோட்டுக்குப் பதில் கள்ள ரூபாய் வந்தால் யாரிடம் போய்ச் சொல்லுவீர்கள்? லைசென்ஸ் இல்லாதவனுக்கு விற்றதே உங்கள் குற்றமாகிவிடும்.

இனி உண்டியலுக்கு வருகிறேன். இது பிள்ளையார் கோவில் உண்டியல் அல்ல. துபாயில் தம்பி ஒருவனிடம் திர்ஹாம் கொடுக்கிறான். மறுநாள் மாலை தாம்பரத்தில் ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் வந்து, ஒரு நோட்டின் நம்பரை ஒத்துப் பார்த்து, வீட்டில் ரூபாய் கொடுத்துவிட்டுப் போகிறான். பாங்கியைவிடக் கொஞ்சம் கூடுதல் விலை. அம்மா வீட்டு வாசலிலேயே பணம் வாங்கிக்கொள்ளுகிறார். இதில் என்ன தப்பு என்று கேட்கிறீர்கள்.

யோசித்துப் பாருங்கள். திர்ஹாம் இந்தியாவுக்கு வரவேயில்லை. அது துபாயிலேயே நின்றுவிட்டது. அதை அங்கே யார் வாங்கிக்கொண்டான்? தங்கம் கடத்துகிறவன், பில் குறைத்துப் போட்டுச் சரக்கு இறக்குகிற வியாபாரி, இங்கே கணக்கில் காட்டாத பணத்தை வெளியே ஒளிக்க விரும்புகிறவன். நமது வீட்டுக்கு வந்த ரூபாய் அவனுடைய கறுப்புப் பணம். 1959இல் ரிசர்வ் பாங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு அச்சடிக்க வேண்டி வந்ததே, ஏன்? அங்கெல்லாம் அப்போது நம் ரூபாய்தான் செலாவணி. தங்கம் கடத்துகிறவர்கள் ரூபாயை அங்கே கொண்டுபோய்க் கொட்டி, நம் அந்நியச் செலாவணியைக் கரைத்தார்கள். பாலைவனத்து வெயிலில் நின்ற தம்பியின் உழைப்பை இன்று அதே வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள்.

சட்டம் அந்தப் பெரிய மனிதனை மட்டும் பிடிப்பதில்லை. அதிகாரம் பெறாத வழியில் வெளிநாட்டுக்காரர் சார்பில் பணம் வாங்கியவரும் மீறியவர்தான். தொகையைப்போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். பெரியவனுக்கு வக்கீல் இருக்கிறார், அம்மாவுக்கு யார்? இதைவிட முக்கியம், அந்தப் பணத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. நாளை வீடு வாங்கும்போது பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. தம்பிக்கு அங்கே ஏதாவது நேர்ந்து, அவன் எவ்வளவு அனுப்பினான் என்று நஷ்டஈட்டு வழக்கில் கேட்டால், அப்போதும் ஒன்றுமில்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஜனங்கள் உண்டியலுக்குப் போவது பேராசையால் என்று உபதேசம் செய்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். பாஸ்போர்ட், விசா, பான் கார்டு என்று வரிசையாகக் கேட்டு, மூன்று தடவை அலையவிட்டு, எங்கள் கிளையில் அந்நிய நோட்டு வாங்குவதில்லை, பெரிய கிளைக்குப் போங்கள் என்று கடைசியில் சொன்னால், லீவு முழுவதும் அதிலேயே போய்விடுகிறது. எல்லாக் கிளைகளும் அந்நிய நோட்டு வாங்குவதில்லை என்பது உண்மை. அதை முதல் நாளே வாசலில் எழுதிப் போடுவதற்கு என்ன தடை?

இப்போது மெப்ஸில் வேலை செய்கிற தங்கையிடம் வருவோம். அவள் கையில் டாலர் நோட்டு ஒருநாளும் விழுவதில்லை. அவள் தைத்த சட்டைக்கு, அவள் பூட்டிய கருவிக்கு, டாலர் கம்பெனியின் கணக்கில் விழுகிறது. அந்த மண்டலத்துக் கம்பெனிகள் ஐந்து வருஷத்தில் இறக்குமதிக்குச் செலவிட்ட அந்நியச் செலாவணியைவிட அதிகம் சம்பாதித்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த உபரி அவள் விரல்களிலிருந்து வருகிறது. அவளுக்கு மாதக் கடைசியில் ரூபாய். 1966 ஜூன் 6ஆம் தேதி சர்க்கார் ஒரு டாலரை 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசாக்கியது. 1991 ஜூலையில் மூன்று நாளில் இரண்டு தடவை ரூபாயைக் குறைத்தது. இப்படி ரூபாய் இறங்கும்போதெல்லாம், பழைய விலைக்கே சரக்கை விற்றாலும் ஏற்றுமதிக்காரனுக்கு டாலருக்கு அதிக ரூபாய் கிடைக்கிறது. தையல் மிஷினில் இருப்பவளின் சம்பளச் சீட்டில் அதற்கென்று ஒரு வரி ஏறியதைப் பார்த்திருக்கிறீர்களா? எண்ணெய் விலையும் பஸ் கட்டணமும் ஏறியதைத்தான் பார்த்தோம்.

கால அவகாசத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஊருக்குத் திரும்பிய தொழிலாளி தன் மிச்ச நோட்டைக் கொடுக்க 180 நாள். ஏற்றுமதி செய்த கம்பெனி வெளிநாட்டிலிருந்து தன் பணத்தைக் கொண்டுவர ஒன்பது மாதம் இருந்தது. 2025 நவம்பரில் அதைப் பதினைந்து மாதமாக்கினார்கள். வந்த டாலர் முழுவதையும் டாலர்க் கணக்கில் போடவும் ஏற்றுமதிக்காரருக்கு அனுமதி உண்டு. வெளிநாட்டு மார்க்கெட் மோசமாக இருக்கிறது, வாங்கியவன் பணம் கொடுக்கத் தாமதிக்கிறான் என்று காரணம் சொல்லுகிறார்கள். இருக்கலாம். கம்பெனிக்குக் கஷ்டம் வந்தால் விதியை நீட்டத் தெரிகிற சர்க்காருக்கு, சவூதியில் சம்பளப் பாக்கியை விட்டுவிட்டுப் பாதி வழியில் அனுப்பப்பட்டவன் கஷ்டமும் தெரிய வேண்டுமல்லவா?

பேச்சுக்கு முன்னால் ஒரு தாயார் கேட்டார்கள், பேரன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சில்லறைக் காசுகளை எங்கே மாற்றுவது என்று. அந்நியக் காசுகளை எவ்வளவு வேண்டுமானாலும் வைத்திருக்கலாம், சட்டத்தில் அதற்கு வரம்பில்லை. ஆனால் பாங்கியும் கடையும் பொதுவாகக் காசு வாங்குவதில்லை. கனம் அதிகம், மதிப்புக் குறைவு. அடுத்த லீவில் பேரனிடமே கொடுத்தனுப்புங்கள், அங்கே பஸ்ஸுக்காவது ஆகும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய காசு வியாபாரியிடம் கொண்டுபோகலாம் என்று பக்கத்திலிருந்த ஒரு தோழர் சொன்னார். கொண்டுபோகலாம், அவர் எடை பார்த்துத்தான் விலை சொல்லுவார்.